கோடு படாத புத்தகம்

பொறாமை வயிற்றில் எரிகிறது என்று தமிழர்கள் நெடுங்காலமாக நம்பி வருகிறார்கள். வயிற்றெரிச்சல் என்று அதற்கொரு பெயர் வைத்ததோடு, மோர் குடித்தால் தணியும் என்கிற அளவுக்கு அந்த நம்பிக்கையை வளர்த்தும் விட்டார்கள். இது பிழை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. பொறாமை தொடங்கும் இடம் வலது கண்ணின் ஓரம். குறிப்பாகச் சொன்னால், பக்கத்து மேசையில் கிடக்கும் புத்தகத்தில் அடையாளச் சீட்டு எவ்வளவு ஆழத்தில் செருகப்பட்டிருக்கிறது என்பதை, தலையைத் திருப்பாமல், தண்ணீர் குடிக்கிற பாவனையில் பார்ப்பதற்குப் பயன்படுகிற அந்த மூலை. வயிறு பிற்பாடுதான் வந்து சேர்ந்துகொள்கிறது. கோயம்புத்தூர் ஆர்.எஸ். புரத்தில் 'விளிம்பு' என்னும் நிறுவனத்தில் வேலை பார்த்த தாமோதரனுக்குக் கண்ணிலிருந்து வயிற்றுக்கு இறங்க ஒரு மழைக்காலம் பிடித்தது.

'விளிம்பு' செய்த தொழில், பொருட்களுக்குப் பெயரும் முகமும் குணமும் வகுத்துக் கொடுப்பது. பம்பு மோட்டார், பனியன், பெருங்காயம், வெட் கிரைண்டர் என்று கொங்கு நாட்டில் செய்யப்படும் எதுவும் அந்த மாடிப்படி ஏறி வந்து, நான் யார் என்று கேட்டுவிட்டுப் போகும். அதற்குப் பதில் சொல்கிறவர்களின் விசிட்டிங் கார்டில் பிராண்ட் ஸ்ட்ராட்டஜிஸ்ட் என்று இருக்கும். நிறுவனத்தை நடத்திய வசுந்தரா மேடம், படிப்பதை நிறுத்திய ஸ்ட்ராட்டஜிஸ்ட் டப்பாவுக்கு வெளியே கிடக்கும் பிஸ்கட் மாதிரி நமுத்துப் போவார் என்று உறுதியாக நம்பினார். அதனால் சனிக்கிழமைதோறும் காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, அந்த வாரம் எந்தப் புத்தகத்திலிருந்து என்ன கற்றுக்கொண்டோம் என்று சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

அந்த வட்டத்தில் பல வருடங்களாக முதலில் பேசியவன் தாமோதரன். அவனுடைய முறை எளிமையானது. முன்னுரை, முதல் அத்தியாயம், பின்னட்டை மூன்றையும் படிப்பான். மிச்சத்தைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடும் செயலியை அவிநாசி சாலை நெரிசலில் காரில் கேட்பான். நல்ல வரி ஒன்றைக் கத்தரித்து ஸ்லைடில் ஒட்டுவான். புத்தகத்தைக் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்துப் போடுவான். இந்தத் தொழிலில் இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. வெறும் காபிக் கோப்பையை வைத்தே காலம் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சுகந்தி கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்து அங்கே சேர்ந்தவள். அவள் வரிசையில்லாமல் படித்தாள். தேனீ வளர்ப்பு, கப்பல் உடைக்கும் தொழில், பொத்தானின் வரலாறு, பழைய கொலை வழக்குகளின் தீர்ப்புகள், மீன் ஏலம் எப்படி நடக்கிறது என்று ஒரு தடிமனான நூல், எல்லாவற்றையும் முதல் எழுத்திலிருந்து அச்சகத்தின் முகவரி வரைக்கும் படித்தாள், படிக்கும்போது ஒரு துண்டுப் பென்சிலால் கோடு போட்டாள், ஓரத்தில் 'அப்படியா?' என்றோ 'பொய்' என்றோ 'இது எங்கள் அத்தைக்கே தெரியும்' என்றோ எழுதினாள். எழுதி முடித்ததும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, அது அங்கே இருப்பதை மறந்து, வேறு பென்சில் தேடினாள்.

நடந்தது ஒரு புதன்கிழமை. ஊரில் வேறு எந்த விசேஷமும் இல்லாத புதன்கிழமை. தாமோதரன் அமானுல்லா பாய் கடையில் புதிதாக வந்திருந்த வணிக நூல் ஒன்றை வாங்கி, காரில் உட்கார்ந்து, கண்ணாடித்தாளைப் பிரித்துத் திறந்தபோது, அதில் பென்சில் கோடுகள் இருந்தன. ஓரத்தில் குறிப்புகளும் இருந்தன. அவன் இறங்கிக் கடைக்குத் திரும்பிப் போனான்.

"பழசத் தலையில கட்டறீங்களா பாய்?"

"உங்க கையாலயே வேற ஒண்ணு பிரிச்சுப் பாருங்க சார்."

பிரித்தான். அதே வரிகளுக்குக் கீழே அதே கோடுகள், அதே 'அப்படியா?'.

"எல்லாத்துலயும் இருக்குதுங்க," என்றார் அமானுல்லா பாய், கல்லாவைத் துடைத்தபடி. "இது மட்டுமில்ல, நிறையப் புஸ்தகத்துல. மெட்ராஸ்ல இருக்கறதெல்லாம் வெள்ளையாத்தான் இருக்குதாம். இங்க வந்தாத்தான் கோடு விழுது."

"யாரு பண்றது?"

"அது எனக்கெப்படீங்க தெரியும். ஆனா பொறுமையான ஆளு. எந்தப் புஸ்தகத்தையும் பாதியில விடல."

தாமோதரனுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கையெழுத்தை அவன் தினமும் அலுவலகத்தின் வெள்ளைப் பலகையில் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுகந்தி ஒரு புத்தகத்தைப் படித்தால், ஊரிலுள்ள அந்தப் புத்தகத்தின் எல்லாப் பிரதிகளிலும் அவள் கோடு விழுந்தது. சிறுவாணித் தண்ணீர் எந்தத் தெருவரைக்கும் குழாயில் வருகிறதோ அந்தத் தெருவரைக்கும் விழுந்தது. அதற்கு அப்பால் விழவில்லை. சென்னையில் வாங்கிய புத்தகத்தை ரயிலில் கொண்டுவருகிறவர்கள், ஊருக்குச் சற்று முன்னால் இருகூர் தாண்டும்போது பைக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு சின்ன அசைவு தெரிகிறது என்றார்கள். ஊர் இதைப் பற்றி ஒரு வாரம் பேசியது. அதற்குள் தக்காளி விலை ஏறிவிடவே, எல்லோரும் அதைப் பேசப் போய்விட்டார்கள். மாவட்ட நூலகம், கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, பொதுச் சொத்தில் கிறுக்கியதாகச் சுகந்திக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பியது; அவள் ரப்பரோடு நேரில் போய், நூலகர் முன்னிலையில் ஒரு நூலை எடுத்துக் கோடுகளை அழித்தாள். அழிப்பதற்காக வரிகளை மறுபடியும் படிக்க வேண்டியிருந்ததால் சாயங்காலத்துக்குள் எல்லா இடத்திலும் கோடுகள் இரட்டையாகிவிட்டன. நூலகர் நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கல்லூரி மாணவர்கள் 'கோடு போட்டது இருக்கா' என்று கேட்டு வாங்கினார்கள். ஒரு அமாவாசையன்று அவள் பொழுது போகாமல் பஞ்சாங்கத்தைப் படிக்கப்போய், ஊரிலுள்ள எல்லாப் பஞ்சாங்கங்களிலும் எமகண்டத்துக்குப் பக்கத்தில் 'யார் சொன்னது?' என்று விழுந்துவிட்டதால், பீளமேட்டில் ஒரு கல்யாணம் அந்த நேரத்திலேயே நடந்தது. தம்பதிகள் நன்றாக இருக்கிறார்கள். அமானுல்லா பாய், கோடு வேண்டாம் என்கிறவர்களுக்காகக் கடையின் பின்பக்கம் 'கோடு படாதவை' என்று ஓர் அலமாரி ஒதுக்கினார். அது மாதத்துக்கு மாதம் மெலிந்து வந்தது.

சனிக்கிழமை வட்டத்தில் வசுந்தரா மேடம், "என்னம்மா சுகந்தி இது?" என்று கேட்டார். எல்லோரையும் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"தெரியலீங் மேடம். ஊரே பாக்குதுன்னு தெரிஞ்சப்புறம் கையெழுத்தக் கொஞ்சம் திருத்திக்கிட்டேன். வேற என்ன பண்றது, படிக்காம இருக்க முடியுங்களா?"

"ல, வ ரெண்டையும் இன்னும் கொஞ்சம் நிமிர்த்திப் போடு," என்றார் மேடம். விஷயம் அதோடு முடிந்தது.

தாமோதரனுக்கு முடியவில்லை. கோடு விழுந்ததுகூடப் பெரிதில்லை. அந்தக் கோடு யாருடையது என்று ஊர் விசாரித்துக்கொண்டிருந்த வாரத்தில், இது தாமோதரனுடையதாக இருக்குமோ என்று ஒருவர்கூட, ஒரு பேச்சுக்காகக்கூட, கேட்கவில்லை. அவன் ஒரு புத்தகத்தை வாங்கிச் சிவப்புப் பேனாவால் காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திக் கோடு போட்டு, மறுநாள் கடைக்குப் போய் வேறு பிரதியைப் பிரித்துப் பார்த்தான். வெள்ளையாக இருந்தது. அவன் கோடு அவனுடைய பிரதியிலேயே இருந்துவிட்டது. வீட்டில் அவன் மனைவி ரேணுகா வாங்கி வைத்திருந்த சமையல் புத்தகத்தில், புளிக்குழம்புக்கு நேராக 'உப்பு காணாது' என்று பென்சிலில் இருந்தது. ரேணுகா கூடுதலாக உப்புப் போட்டாள். குழம்பு நன்றாக இருந்தது. அன்றைக்குத்தான் பொறாமை வயிற்றுக்கு இறங்கியது.

இந்தச் சமயத்தில் காங்கேயத்திலிருந்து மயில்சாமி வந்தார். நல்லெண்ணெய் ஆலை வைத்திருப்பவர். அவருடைய எண்ணெயை எல்லாரும் நல்லது என்றார்கள், ஆனால் வேறு எண்ணெயை வாங்கினார்கள். ஏன் என்று தெரிய வேண்டும் என்றார். பெரிய வேலை. இதை எடுத்து நடத்துகிறவர் பெயரை வாசல் பலகையில் தன் பெயருக்குக் கீழே போடப் போவதாக வசுந்தரா மேடம் முன்பே சொல்லியிருந்தார். அந்த இரண்டாவது வரிக்காகத் தாமோதரன் பல வருடங்களாகக் காத்திருந்தான். பலகையில் அதற்கான காலி இடத்தை அவன் தினமும் படியேறும்போது பார்த்துக்கொண்டுதான் போவான்.

கூட்டத்தில் தாமோதரன் முதல் ஸ்லைடைப் போட்டான். 'மக்கள் பொருளை வாங்குவதில்லை, கதையை வாங்குகிறார்கள்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே புத்தகத்தின் பெயர்.

மயில்சாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இந்தப் புஸ்தகத்த எம் பொண்ணு இங்க கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல இருந்து கொண்டாந்திருந்தாளுங்க. நானும் புரட்டிப் பாத்தேன். இந்த வரிக்கு நேரா, 'ஒன்பதாம் அத்தியாயத்தில் இவரே இதை வாபஸ் வாங்குகிறார்'னு பென்சில்ல எழுதியிருந்துது. ஒம்பதாம் அத்தியாயத்துல என்னங்க சொல்றாரு?"

தாமோதரன் அடுத்த ஸ்லைடுக்குத் தாவப் பார்த்தான்.

"அது... அது ஒரு வேற கோணம் சார்," என்றான் தாமோதரன்.

"அந்தக் கோணத்தத்தானுங்க கேக்கறேன்."

தாமோதரனிடம் ஒன்பதாம் அத்தியாயம் இல்லை. பத்து நிமிடச் செயலியில் ஒன்பதாம் அத்தியாயத்துக்கு இடம் கிடைத்திருக்கவில்லை. சுகந்தி அவன் பக்கம் குனிந்து, "நாஞ் சொல்லட்டுங்களா தாமு சார்?" என்று மெதுவாகக் கேட்டாள். அவன் தலையாட்டினான். அவள் அனுமதி கேட்காமலே சொல்லியிருந்தால், அவளைச் சுலபமாக வெறுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான்.

"மொத பாட்டில கதைக்காக வாங்குவாங்க, ரெண்டாவது பாட்டில அப்படி வாங்க மாட்டாங்கன்னு சொல்றாருங்க," என்றாள் சுகந்தி. "அதுக்கு மேல அவருக்கும் தெரியல. ஆனா மீன் ஏலத்தப் பத்தி ஒரு புஸ்தகம் படிச்சேனுங்க. எத்தன மணிக்குப் புடிச்சதுன்னு மொதல்ல சொல்றவன்கிட்டத்தான் ஏலக்காரங்க போறாங்க. கொஞ்சம் பழைய மீனா இருந்தாக்கூட. நாம பாட்டில்ல எள்ளு ஆட்டுன தேதியப் பெருசாப் போடலாங்க. பேரச் சின்னதா."

"எம் பேரச் சின்னதாவா?"

"பேரு சின்னதாத்தானுங்க."

"எங்கப்பா இருந்தா வெட்டியிருப்பாரு," என்றார் மயில்சாமி. "போடுங்க."

எண்ணெய் விற்றது. வாசல் பலகையில் இரண்டாவது வரியாகச் சுகந்தியின் பெயர் வந்தது. ல, வ எதுவும் அதில் இல்லாததால் நேராகவே இருந்தது.

பலகை மாறிய அன்று சாயங்காலம் தாமோதரன் அமானுல்லா பாய் கடைக்குப் போய், "அந்தப் பொண்ணு படிக்காத புஸ்தகம் வேணும்," என்றான்.

"பின்னாடி அலமாரிங்க. சீக்கிரம் எடுத்துக்குங்க."

குடை வியாபாரத்தைப் பற்றிய ஒரு பழைய நூலை எடுத்தான். முதல் பக்கத்திலிருந்து படித்தான். செயலி கிடையாது, பின்னட்டை கிடையாது. அவளுக்கு முன்னால் அந்தப் புத்தகத்தின் எல்லா வரிகளையும் தான் தொட்டுவிட வேண்டும் என்கிற வெறியில், பல வருடங்களுக்குப் பிறகு ஒரு புத்தகத்தை ஒழுங்காகப் படித்தான். அடுத்து மணிக்கூண்டுகள், அடுத்து சோப்பு. சனிக்கிழமை வட்டத்தில் குடையைப் பற்றிப் பேசினான். எல்லோரும் நன்றாகக் கேட்டார்கள். சுகந்தி எல்லோரையும்விட நன்றாகக் கேட்டாள். அங்கே அதைப் பேசியதுதான் அவன் செய்த பிழை. ஞாயிற்றுக்கிழமை, பாதியில் வைத்திருந்த இன்னொரு குடைப் புத்தகத்தை அவன் திறந்தபோது, முதல் பக்கத்தில் ஒரு கோடு விழுந்துகொண்டிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடுகள் பக்கம் பக்கமாக வந்தன, அவன் இருந்த பக்கத்தை எட்டின, ஒரு வரியில் கொஞ்சம் நின்று 'தாமு சார் சொன்னது சரி' என்று எழுதின, அவனைத் தாண்டிப் போயின.

ரேணுகா எட்டிப் பார்த்தாள். "சரின்னுதானே போட்டிருக்கா. அப்புறம் எதுக்கு மூஞ்சி இப்படி இருக்கு?"

"தாண்டிப் போயிட்டா."

"நீங்க அவகூடப் படிக்கறீங்களா, அவள எதுத்துப் படிக்கறீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றான் தாமோதரன். இந்தக் கதையில் அவன் சொன்னதில் இது ஒன்றுதான் எங்கிருந்தும் கத்தரிக்காதது.

அவனுக்கு மெல்ல ஒன்று புரிந்தது. அவள் படித்திராத புத்தகம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். அது இன்னும் எழுதப்படாதது. அவன் எழுதத் தொடங்கினான். பொருளுக்குப் பெயர் எப்படி வருகிறது என்பதைப் பற்றி, தான் வைத்த பெயர்கள், தோற்ற பெயர்கள், குடைகள், மணிக்கூண்டுகள், சோப்பு, எல்லாவற்றையும் போட்டு எழுதினான். எழுத எழுத அவன் விரும்பியது மாறிவிட்டதை அவனே கவனிக்கவில்லை. பலகையின் இரண்டாவது வரி மறந்துபோனது. இப்போது அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு பென்சில் கோடு. தன் வரி ஒன்றின் கீழே, அவள் கையால், அழுத்தி. ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதிவிட்டு, இதற்குப் போடுவாளா என்று பார்த்தான். போட மாட்டாள் என்று தோன்றியதை அடித்தான். இவ்வளவு கடுமையான ஓர் எடிட்டர் அந்த ஊரில் யாருக்கும் வாய்த்ததில்லை.

புத்தகம் சிவகாசியில் அச்சாகி வந்தது. ஓட்டல் ஹாலில் சின்ன விழா வைத்தார்கள். மயில்சாமி பொன்னாடை போர்த்தினார். சுகந்திக்குத் தாமோதரன் கையெழுத்திட்ட பிரதியைக் கொடுத்தான். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "இன்னிக்கே ஆரம்பிக்கறேனுங் சார்," என்றாள்.

மறுநாள் காலையில், பல் துலக்குவதற்கு முன்னால், தாமோதரன் வீட்டுப் பிரதியைத் திறந்தான். நான்காம் பக்கத்தில் ஒரு கோடு இருந்தது. சமையலறைக்குக் கொண்டுபோய் ரேணுகாவிடம் காட்டினான். அதற்கு அடுத்த நாள், இருபதாம் பக்கத்தில் 'அப்படியா?' என்று இருந்தது. இந்த 'அப்படியா?' வியப்பா, சந்தேகமா என்று தெரிந்துகொள்ள, பழைய நூல்களிலிருந்த 'அப்படியா?'க்களை எல்லாம் எடுத்து வைத்து ஒப்பிட்டான். இதில் கேள்விக்குறியின் கொக்கி கொஞ்சம் தளர்வாக இருந்தது. நல்லது என்று முடிவு செய்தான். அதற்கு அடுத்த நாள் கோடு எதுவும் புதிதாக இல்லை. நாற்பத்து மூன்றாம் பக்கத்தின் மேல் மூலை மட்டும் மடிந்திருந்தது.

அவன் அதை நிமிர்த்திப் பார்த்தான். கையை எடுத்ததும் மடிந்துகொண்டது.

அவன் தினமும் பார்த்தான். நாற்பத்து நாலு வெள்ளையாக இருந்தது. அமானுல்லா பாய் கடையில் போய்ப் பார்த்தான். ஜன்னலில் அடுக்கியிருந்த பிரதிகளில் எல்லாம் அதே இடத்தில் மூலை மடிந்து, ஒரே மாதிரி காது வைத்த மாதிரி இருந்தது. மாவட்ட நூலகத்தின் பிரதியிலும் அப்படியே. அவள் எங்கே நிறுத்தினாள் என்று ஊரில் அந்தப் புத்தகத்தை வாங்கிய எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் அவனிடம் வேறு விஷயம் பேசினார்கள். ஒரு மத்தியானம், டீ குடிக்கும்போது, அவன் யதேச்சையாகக் கேட்பதுபோலக் கேட்டான்.

"புஸ்தகம் எப்படிப் போகுது சுகந்தி?"

"படிச்சுட்டே இருக்கேனுங் சார்," என்றாள் சுகந்தி. காதிலிருந்த பென்சிலை எடுத்து, பார்த்து, மறுபடியும் செருகிக்கொண்டாள். அவள் மேசையில் பட்டாணி சாகுபடி பற்றி ஒரு நூல் இருந்தது. அடையாளச் சீட்டு கடைசிக்குப் பக்கத்தில் இருந்தது.

"அவசரமில்ல," என்றான் தாமோதரன்.

"இல்லீங் சார், முடிச்சிருவேன்."

தீபாவளி கழிந்து, சிவகாசி அச்சகத்தில் மீதமிருந்த பண்டல்களைக் கோயம்புத்தூருக்கு ஒரு லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். ஊருக்குள் நுழைகிற இடத்தில் சிங்காநல்லூர் குளத்தைத் தாண்டும்போது, பின்னால் எல்லாப் பண்டல்களிலும் ஏதோ மடிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் ஒரே நேரத்தில் கேட்டதாக டிரைவர் சொன்னான். வண்டியை ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தான். கயிறெல்லாம் சரியாகத்தான் இருந்தது.